பனிக்காலத்தில் எந்த உயரத்தில் நடப்பது? உத்தராகண்டில் தாழ்வான மலைப்பாதையைத் தேர்ந்தெடுக்கும் முறை

தொட்டபெட்டாவின் உச்சி 2,637 மீட்டர். டிசம்பர் காலையில் அங்கே ஒரு ஸ்வெட்டரும் குல்லாவும் அணிந்து நின்று பழகியவர்களுக்கு, இமயமலையிலும் அதே உயரத்தில் அதே அளவு குளிர்தான் இருக்கும் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் நீலகிரி 11 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. உத்தராகண்டின் இரு பகுதிகளான கர்வாலும் குமாவுனும் 30 பாகையை ஒட்டி இருக்கின்றன. ஜனவரியில் அங்கே 2,600 மீட்டரில் முழங்கால் அளவு பனி கிடக்கலாம், குழாய்த் தண்ணீர் உறைந்திருக்கலாம், கோடையில் திறந்திருந்த தேநீர்க் கடையின் கதவு சாத்தியிருக்கலாம். ஆகவே 'தாழ்வான பாதை' என்று நாம் சொல்லும்போது உயரத்தை மட்டும் சொல்லிப் பயனில்லை. எந்த மாதம், எந்தப் பக்கம் பார்த்த சரிவு, அருகில் யார் வசிக்கிறார்கள் என்பவற்றையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்த உயரத்துக்குப் பொருள் உண்டு.

டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி முடிய, தம் சுமையைத் தாமே முதுகில் சுமந்து இரண்டு முதல் நான்கு நாள் நடக்க விரும்பும் சமவெளிக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். கயிறு, பனிக்கோடரி போன்றவற்றில் பயிற்சி உள்ளவர்களுக்கு இது தேவைப்படாது.

முதல் படி: உயரத்துக்கு ஒரு வரம்பு வைத்தல்

இந்த வரம்பை முடிவுசெய்ய உத்தராகண்டில் நல்லதொரு வழிகாட்டி பல நூற்றாண்டுகளாக இருக்கிறது. 3,583 மீட்டர் உயரத்திலுள்ள கேதார்நாத் கோயில், தீபாவளியை அடுத்து நடை சாத்தப்பட்டதும், உற்சவமூர்த்தி பல்லக்கில் இறங்கி 1,311 மீட்டரிலுள்ள ஊக்கிமட்டில் ஆறு மாதம் தங்குகிறார். துங்கநாதர் மக்குமட்டுக்கு இறங்குகிறார். கங்கோத்ரியின் கங்கை அன்னைக்கு முக்பா, யமுனோத்ரியின் யமுனை அன்னைக்கு கர்சாலி. குளிர்கால இருக்கைகளில் உயரமானவை இந்தக் கடைசி இரண்டும்தான். அவையும் ஏறத்தாழ 2,600 மீட்டர் அளவில் நின்றுவிடுகின்றன. தெய்வங்கள் மட்டுமல்ல, மாணா, நீதி போன்ற எல்லையோர ஊர்களின் மக்களும் ஆடுமாடுகளோடு தாழ்வான ஊர்களுக்கு வந்துவிடுகிறார்கள். மலையில் பிறந்தவர்கள் பனிக்காலத்தில் குடியிருக்க விரும்பாத உயரத்தில், முதல்முறை வரும் நாம் கூடாரம் அடிக்க நினைப்பது சரியான கணக்கு ஆகாது.

மருத்துவக் காரணமும் இதனுடன் ஒத்துப்போகிறது. உயரத்தால் வரும் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை ஆகியவை பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேல்தான் தொடங்குகின்றன. விமானத்தில் டெல்லி வந்து, மறுநாளே ஜீப்பில் மலையேறும் நம்மவர்களுக்கு உடல் பழகுவதற்கான நாட்கள் விடுப்பில் இருப்பதில்லை.

இவற்றை வைத்து நான் கடைப்பிடிக்கும் வரம்பு இது: இரவு தங்குவது 2,200 மீட்டருக்குள், பகலில் ஏறித் திரும்புவது 2,600 மீட்டருக்குள். பனி குறைவாக விழுந்த ஆண்டில் இது மிகுந்த எச்சரிக்கையாகத் தோன்றும் என்பது உண்மை. ஆனால் டிக்கெட் எடுக்கும் அக்டோபரில், வரப்போகும் ஜனவரி எப்படிப்பட்டது என்று யாருக்கும் தெரியாது. 'எளிய குளிர்கால ட்ரெக்' என்று எங்கும் விளம்பரப்படுத்தப்படும் கேதார்காந்தாவின் உச்சி ஏறத்தாழ 3,800 மீட்டர். கூட்டமும் வழிகாட்டிகளும் இருப்பதால் அது நடக்கக்கூடியதாக இருக்கிறதே தவிர, தனியே சுமை தூக்கிப் போகிறவருக்கு அது தாழ்வான பாதை ஆகாது.

இரண்டாம் படி: இரவின் குளிரைக் கணக்கிடுதல்

பொதுவாக 100 மீட்டர் ஏறினால் காற்றின் வெப்பம் 0.65 பாகை குறையும். கைபேசியில் வரும் முன்னறிவிப்பு பெரும்பாலும் அருகிலுள்ள ஊருக்கானது. நாம் தூங்கப்போகும் இடத்துக்கானது அன்று. ஊக்கிமட்டில் இரவு 4 பாகை செல்சியஸ் என்று காட்டினால், அதைவிட ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்திலுள்ள தேவ்ரியா தால் ஏரிக்கரையில் பூஜ்யத்துக்குக் கீழே மூன்று பாகை என்று வைத்துக்கொள்ள வேண்டும். ஸ்லீப்பிங் பேக் வாங்கும்போது அதில் எழுதியிருக்கும் இரண்டு எண்களில் 'கம்ஃபர்ட்' என்பதைப் பார்க்க வேண்டும்; 'லிமிட்' என்பது சுருண்டு படுத்து எப்படியோ சமாளிக்கும் எல்லை. 300 மீட்டர் தாழ்வான இடத்தைத் தேர்ந்தெடுத்தால் ஏறத்தாழ இரண்டு பாகை கிடைக்கிறது. சுமையும் செலவும் அதற்கேற்பக் குறைகின்றன.

இந்தக் கணக்கு பொய்க்கும் இடம் ஒன்று உண்டு, அதைத் தமிழ்நாட்டு வாசகர்களுக்கு விளக்குவது எளிது. ஒவ்வொரு டிசம்பரிலும் உதகைப் பக்கம் உறைபனி என்று செய்தி வரும்போது, புல்வெளி வெண்மையாகக் கிடக்கும் படங்கள் தலைகுந்தா, குதிரைப்பந்தய மைதானம் போன்ற தாழ்வான திறந்தவெளிகளிலிருந்தே வருகின்றன. மேட்டிலிருக்கும் தேயிலைச் சரிவு அன்று தப்பியிருக்கும். மேகமற்ற, காற்றற்ற இரவில் குளிர்ந்த காற்று கனமாகி, தண்ணீரைப் போலச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குவதே காரணம். இமயத்தில் இதே செயல் இன்னும் பெரிய அளவில் நடக்கிறது. எனவே ஓடைக்கரையின் சமதளம் எவ்வளவு அழகாக இருந்தாலும், அதிலிருந்து முப்பது, நாற்பது மீட்டர் மேலே, காலை வெயில் முதலில் படும் திட்டையில் தங்கும்படியான பாதையைப் பார்க்க வேண்டும்.

முன்னறிவிப்பில் 'உறைநிலை உயரம்', அதாவது காற்றின் வெப்பம் பூஜ்யமாகும் உயரம், என்றொரு எண் தரப்பட்டிருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். விழும் பனி உருகுவதற்குச் சற்றுத் தூரம் தேவைப்படுவதால், உறைநிலை 2,400 மீட்டர் என்றால் 2,100 மீட்டர் வரைகூடப் பனியாகவே விழலாம். அதற்குக் கீழே மழை. பூஜ்யத்தை ஒட்டிய மழை உலர்ந்த பனியைவிட உடலுக்குக் கெடுதல் என்பதைத் தாழ்வான பாதையில் போகிறவர்கள் மறக்கக் கூடாது. பனி உதறினால் விழுந்துவிடும், மழை உள்ளாடை வரை இறங்கும்.

மூன்றாம் படி: சரிவின் திசையும் காட்டின் இயல்பும்

என் அனுபவத்தில் உயரத்தைவிட முக்கியமானது இதுதான். பெரும்பாலானோர் பார்க்கத் தவறுவதும் இதையே.

டிசம்பர் 21 அன்று கர்வாலில் நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 36 பாகை உயரத்துக்கே வருகிறது. சென்னையில் அதே நாளில் அது 53 பாகை. இதன் விளைவு என்னவென்றால், வடக்கு நோக்கி 36 பாகைக்கு மேல் செங்குத்தாக இருக்கும் எந்தச் சரிவிலும் அன்று முழுவதும் ஒரு நிமிடம்கூட வெயில் படாது. அதைவிடச் சாய்வு குறைந்த வடக்குச் சரிவிலும் வெயில் சாய்ந்து தடவிப்போகுமே தவிரச் சூடேற்றாது. ஆகவே டிசம்பர் முதல் வாரத்தில் விழுந்த பனி, வடக்குச் சரிவில் 2,200 மீட்டரில் பிப்ரவரி வரை கல்லாகிக் கிடக்கும்போது, அதே மலையின் தெற்குச் சரிவில் 2,500 மீட்டரில் தரை உலர்ந்திருப்பதைக் காணலாம். வரைபடத்தில் சமவுயரக் கோடுகளைப் பார்த்து, பாதையின் ஒவ்வொரு பகுதியும் எந்தத் திசையை நோக்குகிறது என்று பென்சிலால் குறித்துவிடுங்கள். இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடங்கள் இதற்குப் போதும். 1767இல் தொடங்கப்பட்ட அத்துறையின் தலைமையகம் டேராடூனிலேயே இருக்கிறது, வரைபடங்கள் இணையத்திலும் கிடைக்கின்றன.

அதே வரைபடத்தில் செங்குத்தையும் அளந்துவிடலாம். கோட்டுக்குக் கோடு 40 மீட்டர் உயர வித்தியாசம் உள்ள தாளில், அடுத்தடுத்த கோடுகள் ஒன்றரை மில்லிமீட்டருக்கும் நெருங்கி வந்தால் சரிவு 30 பாகையைத் தொடுகிறது என்று பொருள். பனிச்சரிவு பெரும்பாலும் உருவாவது 30 முதல் 45 பாகை வரையிலான சரிவுகளில்தான். நம் பாதை தாழ்வாக இருந்தாலும், அதற்கு நேர் மேலே 3,000 மீட்டருக்கு மேல் அப்படிப்பட்ட மரமற்ற வெளி இருந்தால், அங்கே கிளம்பும் பனி ஓடை வழியாக நம் பாதை வரை வரக்கூடும். அப்படி மேலிருந்து இறங்கும் ஓடைகள் பலவற்றைக் கடக்கும் பாதையை விட்டுவிடுவதே நல்லது.

மரங்களும் செய்தி சொல்கின்றன. சீர் பைன் மரங்கள் ஏறத்தாழ 2,000 மீட்டருக்குக் கீழே, வெயில் படும் உலர்ந்த சரிவுகளில் வளர்கின்றன; பைன் ஊசிகள் பரவிய தரை வழுக்கினாலும் அங்கே பனி அதிகம் தங்காது. அதற்கு மேலே பாஞ்ச் எனப்படும் ஓக் காடும், புராஞ்ச் மரங்களும் வரும். புராஞ்சின் நெருங்கிய உறவினரை நீலகிரிச் சோலைகளில் காட்டுப்பூவரசு என்று நாம் அழைக்கிறோம். பாஞ்ச் காடு ஈரத்தைப் பிடித்துவைப்பதால் ஊற்றுகள் அங்கே கிடைக்கும். நிழலும் அங்கேதான் அடர்ந்திருக்கும். ஒரு பாதை பைனிலிருந்து பாஞ்சுக்குள் நுழைந்து, வெயிலுள்ள முகட்டில் வெளிப்பட்டால் அது நல்ல பனிக்காலப் பாதை. இருண்ட காட்டுக்குள்ளேயே எட்டு மணி நேரம் ஓடும் பாதை, மே மாதத்துக்கு ஏற்றது.

நான்காம் படி: பகலின் நீளத்துக்குள் தூரத்தை அடக்குதல்

டிசம்பர் இறுதியில் அங்கே சூரியன் காலை ஏழு மணியளவில் உதித்து மாலை ஐந்தே காலை ஒட்டி மறைகிறது; சுற்றியுள்ள முகடுகள் அதிலும் ஒரு மணி நேரத்தைத் தின்றுவிடும். காலை எட்டரைக்கு முன்னால் விறைத்த விரல்களோடு கூடாரத்தைச் சுருட்டுவது கடினம் என்பதையும், மூன்றரைக்குள் தங்குமிடத்தை அடைந்துவிட வேண்டும் என்பதையும் சேர்த்தால், உணவு இடைவேளை போக நடப்பதற்கு மிஞ்சுவது ஆறு மணி நேரமே.

ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் தந்த விதி இன்றும் பயன்படுகிறது: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறும் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் பத்து நிமிடம். அது சுமையில்லாத, பழகிய கால்களுக்கானது. பன்னிரண்டு கிலோ முதுகில் இருந்தால் ஒன்றரையால் பெருக்குங்கள். கணுக்காலுக்கு மேல் பனி இருந்தால் இரண்டால் பெருக்குங்கள். பத்து கிலோமீட்டரும் 600 மீட்டர் ஏற்றமும் உள்ள ஒரு நாள், விதிப்படி மூன்று மணி நேரம், சுமையோடு நாலரை, பனியில் ஆறு. அதாவது உலர்ந்த பாதையில் மதியமே முடிந்துவிடும் என்று நினைத்த அதே நடை, இரவு பனி விழுந்தால் பகல் முழுவதையும் எடுத்துக்கொள்ளும். இந்த அளவே நாளொன்றுக்கு உச்சம் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஐந்தாம் படி: தண்ணீர், எரிபொருள்

பனிக்காலம் மலையின் வறட்சிக் காலமும்கூட. முகட்டுப் பாதைகளில் ஊற்றுகள் வற்றியோ உறைந்தோ இருக்கும். ஊருக்கு அருகிலுள்ள கல் கட்டிய ஊற்றுத்தொட்டிகளான 'நௌலா'க்களும், ஊற்று நீர் குழாய்போல் விழும் 'தாரா'க்களும் நம்பத்தக்கவை. இரவு தங்கும் இடத்தில் ஊர்க்காரர்கள் பனிக்காலத்தில் பயன்படுத்தும் தண்ணீர் இருக்கிறதா என்பதைக் கேட்டு உறுதிசெய்யாமல் ஒரு பாதையை முடிவுசெய்ய வேண்டாம். நுண்குழல் வடிகட்டி ஒருமுறை உறைந்தால் உள்ளே விரிசல் கண்டுவிடும், வெளியே தெரியாது. இரவில் அதை உறங்குபைக்குள் வைத்துக்கொள்ளவும். அடுப்புக்கான வாயுக் குப்பியை விமானத்தில் கொண்டுபோக முடியாது. டேராடூனிலோ ரிஷிகேஷிலோ வாங்கும்போது, பூஜ்யத்தருகே ஆவியாக மறுக்கும் வெறும் பியூட்டேனைத் தவிர்த்து, ஐசோபியூட்டேனும் புரோப்பேனும் கலந்ததைக் கேளுங்கள்.

ஆறாம் படி: பாதியில் வெளியேறும் வழிகள்

நல்ல பாதைக்கும் ஆபத்தான பாதைக்கும் உள்ள வேறுபாடு, இரண்டாம் நாள் காலையில் ஒருவருக்குக் கணுக்கால் சுளுக்கிக்கொண்டால் தெரியும். வரைபடத்தில் பாதையின் ஒவ்வொரு நான்கைந்து கிலோமீட்டருக்கும் ஒரு கிளைப்பாதை, கீழே உள்ள ஊருக்கோ வண்டிச் சாலைக்கோ இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கும் வழி வடக்குச் சரிவில் இருந்தால் அதை வழியாகக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

சாலையை அடைந்தால் மட்டும் போதாது, சாலையில் வண்டி வர வேண்டும். பங்கு ஜீப்புகள் காலையில் நிறையப் புறப்படும், பிற்பகலில் அருகிவிடும். நிழல் விழும் வளைவுகளில் இரவு ஈரம் கண்ணாடிபோல் உறைந்து கிடக்கும். அதை அங்கே 'பாலா' என்பார்கள். வெயில் ஏறும் வரை ஓட்டுநர்கள் தயங்குவது இதனால்தான். அவசரப்படுத்தாதீர்கள்.

கைபேசிச் சமிக்ஞை முகட்டில் கிடைக்கும், பள்ளத்தாக்கில் மறையும். இதற்கு மாற்றாக வெளிநாட்டில் வாங்கிய செயற்கைக்கோள் தொலைபேசியையோ செய்திக் கருவியையோ எடுத்துவர எண்ணினால், இந்தியாவில் அனுமதியின்றி அவற்றை வைத்திருப்பது குற்றம் என்பதை அறிந்துகொள்ளவும். அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவினர்களுக்கு இதை முன்பே சொல்லிவிடுவது நல்லது. அவசரத்துக்கு 112. அதைவிட உறுதியானது, திட்டத்தை ஒரு தாளில் எழுதி, இரவு தங்கிய வீட்டுக்காரரிடம் கொடுத்து, எத்தனை மணிக்குள் நம் அழைப்பு வராவிட்டால் தேட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் புறப்படுவது.

ஏழாம் படி: அனுமதி, விலங்கு, நெருப்பு

'புக்யால்' எனப்படும் உயர்மலைப் புல்வெளிகளில் இரவு தங்குவதை உத்தராகண்ட் உயர்நீதிமன்றம் 2018 ஆகஸ்ட்டில் தடைசெய்தது. நம் வரம்புக்குள் புக்யால்கள் அதிகம் வராது. இருந்தாலும் பழைய பயணக் குறிப்புகளில் 'இங்கே டென்ட் அடித்தோம்' என்று இருப்பதை நம்பிப் போகக் கூடாது. சரணாலயங்களுக்கு வனத்துறைச் சீட்டு வேண்டும்.

தாழ்வான பாதைக்கே உரிய ஒரு குறையை மறைக்காமல் சொல்ல வேண்டும். பனி விழுந்ததும் கருங்கரடிகள் கீழ்க்காடுகளுக்கு இறங்குகின்றன, எல்லாமும் உறங்கிவிடுவதில்லை. சிறுத்தைகள் ஆண்டு முழுவதும் ஊர்களைச் சுற்றியே திரிகின்றன. உயரத்திலிருந்து தப்பி இவற்றிடம் வருகிறோம் என்பதால், அந்தி நேரத்தில் நடப்பதையும், உணவைக் கூடாரத்துக்குள் வைப்பதையும் தவிர்க்க வேண்டும். மழையற்ற குளிர்காலத்தில் பைன் காடு எளிதில் தீப்பிடிக்கும். 2018 மார்ச்சில் குரங்கணியில் நடந்தது நமக்கு மறக்கவில்லை. 2024 ஜூனில் குமாவுனிலுள்ள பின்சர் சரணாலயக் காட்டுத்தீயில் வனத்துறைப் பணியாளர்கள் உயிரிழந்தனர். குளிர் காய நெருப்பு மூட்டுவது வீட்டு முற்றத்தில் மட்டும் இருக்கட்டும்.

எட்டாம் படி: மூன்று பாதைகளை அளந்து பார்த்தல்

முதலாவது, சாரி ஊரிலிருந்து தேவ்ரியா தால். ஊர் ஏறத்தாழ 2,000 மீட்டர், ஏரி 2,438 மீட்டர். மூன்று கிலோமீட்டருக்குள்தான் தூரம். நெய்ஸ்மித் கணக்கில் ஒன்றேகால் மணி, சுமையோடு இரண்டு மணி. ஏரியில் சௌகம்பா சிகரம் தலைகீழாகத் தெரியும் காலை நேரத்துக்காக மக்கள் இங்கே வருகிறார்கள். சாரியில் தங்கி, இருள் விலகியதும் வெறும் கைப்பையுடன் ஏறி இறங்குவது நம் வரம்புக்குள் அடங்கும். ஏரியைத் தாண்டி ரோஹிணி புக்யால் வழியாகச் சோப்தாவுக்குப் போகும் புகழ்பெற்ற பாதை அடங்காது: அடர்ந்த காடு, இடையில் குடியிருப்பு இல்லை, முடியும் இடமான சோப்தாவே ஏறத்தாழ 2,700 மீட்டர், அங்கே சாலை பனியால் மூடிக்கிடக்கலாம். நடந்து முடித்தவருக்கு வண்டி இல்லாத இடத்தில் முடிகிற பாதை அது.

இரண்டாவது, முசோரிக்கு அப்பால் பந்த்வாரியிலிருந்து நாக் டிப்பா. தொடக்கம் ஏறத்தாழ 1,400 மீட்டர், உச்சி 3,022. ஒரே பயணத்தில் 1,600 மீட்டர் ஏற்றம் என்பது பலரும் கவனிக்காத எண். டேராடூனுக்கு அருகில் இருப்பதால் இது எளிதென்று பெயர் வாங்கிவிட்டது. டிசம்பர் தொடக்கத்தில், பனி விழுமுன், உச்சியை விட்டுவிட்டு வெயில் சரிவில் பாதிவரை போய்வரலாம். ஜனவரியில் நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

மூன்றாவது, குமாவுனில் அல்மோராவுக்கு அருகிலுள்ள பின்சர் சரணாலயம். 1988இல் அறிவிக்கப்பட்ட இச்சிறிய சரணாலயத்தின் உயர்ந்த இடமான 'ஜீரோ பாயின்ட்' 2,400 மீட்டரைச் சற்றே தாண்டுகிறது. அங்கிருந்து திரிசூலம், நந்தாதேவி, பஞ்சசூலி ஆகிய சிகரங்கள் வரிசையாகத் தெரியும். தலார், ரிசால், கோனாப் போன்ற சிற்றூர்களில் வீடுகளிலேயே தங்கி, ஊரிலிருந்து ஊருக்குக் காட்டுப் பாதையில் மூன்று நாள் நடக்கலாம். கூடாரமும் அடுப்பும் தேவையில்லை என்பதால் முதுகுச் சுமை பாதியாகிறது. கரையும் ஏரியும் இல்லை, பெயர்பெற்ற உச்சியும் இல்லை என்று நண்பர்கள் முகம் சுளிக்கலாம். முதல் பனிக்காலப் பயணத்துக்கு நான் இதையே சொல்வேன்: ஒவ்வொரு இரவும் புகைபோக்கியில் புகை வரும் வீடு இருக்கிறது, ஒவ்வொரு நாளும் இறங்க வழி இருக்கிறது.

ஒன்பதாம் படி: புறப்படுவதற்கு முந்தைய வாரம்

பனிக்காலத்து மழையையும் பனியையும் இங்கே கொண்டுவருவது, மத்தியதரைக் கடல் பக்கம் உருவாகி மேற்கிலிருந்து நகர்ந்துவரும் காற்றுச் சுழல்கள். வானிலை அறிக்கையில் 'வெஸ்டர்ன் டிஸ்டர்பன்ஸ்' என்று சொல்லப்படும் இவற்றின் வருகை நாலைந்து நாள் முன்னதாகவே தெரிந்துவிடும். இந்திய வானிலைத் துறையின் டேராடூன் மையம் தரும் மாவட்ட அறிக்கையைத் தினமும் படியுங்கள். உயர்ந்த பகுதிகளுக்குப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் சண்டிகர் பிரிவு வெளியிடும் பனிச்சரிவு எச்சரிக்கையையும் பாருங்கள். ஒரு சுழல் கடந்தபின் வரும் இரண்டு மூன்று நாட்கள் வானம் தெளிந்து இருக்கும், இரவு கடுமையாகக் குளிரும்.

பிறகு தங்கப்போகும் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசி மூன்று கேள்விகள் கேளுங்கள்: நேற்று ஜீப் வந்ததா, ஊற்றில் தண்ணீர் வருகிறதா, மேலே கடைசியாக யார் எப்போது போய் வந்தார்கள். 'வாருங்கள், ஒன்றும் பிரச்சினை இல்லை' என்ற பதில் விருந்தோம்பலே ஒழியத் தகவல் அன்று. நேற்றைய ஜீப்பைப் பற்றிய பதிலே தகவல்.

கர்வாலில் ஒரு பாதையையும் குமாவுனில் ஒரு பாதையையும் முழுதாகத் தயார்செய்து வைத்துக்கொண்டு, முடிவை டெல்லி வரை ஒத்திப்போடுவது என் வழக்கம். டேராடூன், ஹரித்துவார் பக்கம் போகும் வண்டிகளும் காத்கோதாம் போகும் வண்டிகளும் அங்கிருந்துதான் பிரிகின்றன. சாரிக்கு ஜீப் போகவில்லை என்று தெரிந்தால், அன்றிரவே காத்கோதாம் ரயிலில் ஏறிவிடலாம்.